பெரிய வாய் ஹெட்

அவருக்கு டர்போ என்று பேர் வந்தது வண்டியால் அல்ல, வாயால். பேச்சை மெதுவாகத்தான் ஆரம்பிப்பார். கொஞ்சம் சூடேறிவிட்டால் பிறகு யாராலும் பிடிக்க முடியாது. பிரேக் சத்தம் போடுகிறது என்று அவருடைய கார்ப் பட்டறைக்கு வந்த ஆள்கூட, அவர் பேச்சைக் கேட்டு மயங்கி, எஞ்சினையே மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் போவான். வேலை தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. கண்ணைக் கட்டி விட்டாலும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் 'தெரியல, பாத்துச் சொல்றேன்' என்று அவர் ஒரு தடவையாவது சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்ன? அவருக்கு வெந்துவிடும்.

அவருடைய தங்கை ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஆஸ்பத்திரி மேட்டின் உச்சியில் இருந்தது. கல்யாணமாகி, பிள்ளைகள் தோளுக்கு வளர்ந்த பிறகு, வீட்டுக்காரனின் கிண்டலையும் மீறிக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அவர்கள் வீட்டில் இருந்தது, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற டர்போ கருவி வைத்த பழைய கார். முதல் நாள் தனியாக ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அண்ணனுக்குத்தான் போன் செய்தாள். "அண்ணா, மேல வந்துட்டேண்ணா! நானே வந்துட்டேன்!" என்று அவள் கத்தியதை அவர் பட்டறை முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்தக் காரின் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டது. ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி. காற்று உள்ளே போகிற வழியும் புகை வெளியே வருகிற வழியும் அதில்தான் இருக்கின்றன. பட்டறைக்காரர்கள் அந்த வழிகளை 'வாய்' என்பார்கள். ஹெட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். எரிபொருள் எரிவது அங்கேதான்.

"மாத்துறதுதான் மாத்துறீங்க, கொஞ்சம் நல்லதாப் போடுங்க மச்சான். ஏத்தத்துல ரொம்ப திணறுதுன்னு சொல்றா" என்றான் தங்கையின் கணவன்.

"என் கையில விட்டுட்டீங்கல்ல மாப்பிள்ளை? பறக்கும் பாருங்க!"

பறக்கும் என்று சொல்லியாகிவிட்டது. இனி சாதாரண ஹெட்டைப் போட முடியுமா? கிடைத்தவை இரண்டு. ஒன்று டர்போ எஞ்சினுக்கென்றே வார்த்தது. வாய்களைத் திறந்து மூடும் வால்வுகள் மட்டும் கூடுதல் சூடு தாங்குகிற ரகம். பார்ப்பதற்குப் பழையதைப் போலவே சாதுவாக இருந்தது. இன்னொன்று அதே எஞ்சினின் பந்தய ரகத்துக்கானது. அந்த ரகத்தில் டர்போ கிடையாது. ஆனால் வாய் ஒவ்வொன்றும் அகலம். டர்போ தன் கட்டை விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்தார். தாராளமாகச் சுற்றியது. அவ்வளவுதான், மனுஷன் மயங்கிவிட்டார்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்குவதற்கு லேத்துக்காரரிடம் எடுத்துப் போனார். இருவரும் ஒன்றாய்த் தொழில் கற்றவர்கள்.

"வாய் பெருசுதான்யா, ஒத்துக்கறேன். குழிய அளந்தியா? எண்ணெய் ஊத்திப் பாரு, பழசவிட கம்மியாப் பிடிக்கும்னு தோணுது. டர்போ ஏற்கெனவே காத்த அமுக்கி அனுப்புது. குழியும் சின்னதா இருந்தா, நேரங்கெட்ட நேரத்துல உள்ளயே வெடிக்கும்" என்றார் லேத்துக்காரர்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? என் விரல் சொல்லாததையா உன் எண்ணெய் சொல்லப்போகுது?"

"வாய் பெருசா இருக்கிறதெல்லாம் நல்லதுன்னா, உன்னைவிட நல்ல ஹெட் ஊர்ல ஏது?"

லேத்துப் பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எண்ணெய் ஊற்றி அளப்பது அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அளக்காமலே பூட்டினார்.

கார் ஓடியது. மேல் வேகத்தில் உண்மையாகவே சீறியது. அதை ஓட்டிப் பார்த்தவர் அவர்தான். வெறும் சாலையில், சமதளத்தில். தினமும் மேடு ஏறுகிறவள் கொஞ்ச நாளில் போன் செய்தாள்.

"அண்ணா, ஏறும்போது உள்ள யாரோ கரண்டியால தட்டுற மாதிரி சத்தம் வருதுண்ணா. கொண்டு வரட்டுமா?"

"கியரை ஒழுங்கா மாத்து, சத்தம் தானாப் போயிடும். புதுசா ஓட்டுறவங்களுக்கு எல்லாமே சத்தமாத்தான் கேக்கும்!"

அவளும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

எஞ்சின் செத்தது ஒரு காலை நேரத்தில், பாதி மேட்டில், வேலைக்குப் போகிற கூட்டமெல்லாம் பின்னால் நிற்கும்போது. டர்போ இழுவை வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது தங்கை சீருடையோடு சாலையோரம் நின்றிருந்தாள். கணவனும் வந்துவிட்டிருந்தான். கடந்து போன ஒவ்வொருவனும் ஹாரனை அழுத்தி, ஓட்டத் தெரியாதவர்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.

"என்ன மச்சான், நீங்க போட்ட ஹெட்தானே?" என்றான் மாப்பிள்ளை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

டர்போ பானெட்டைத் திறந்தார். உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு அந்த நொடியில் தெரியாது. தெரியல, பாத்துச் சொல்றேன் என்றிருக்கலாம். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹெட்டு என்ன பண்ணும்? மேல் கியர்லயே வச்சு ஏத்தத்துல போட்டு மிதிச்சா எந்த எஞ்சின் தாங்கும்? வண்டியக் கொன்னுட்டா!"

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நான் சத்தம் வருதுன்னு..." என்று ஆரம்பித்தவள், அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சாவியைக் கணவன் கையில் வைத்துவிட்டு, மீதி மேட்டை நடந்தே ஏறிப் போனாள்.

எஞ்சினைப் பிரித்தார். ஹெட்டுக்கு அடியில் ஏறி இறங்கும் பிஸ்டன்களின் ஓரமெல்லாம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது. கியர் மாற்றத் தெரியாததால் வருகிற காயம் அல்ல அது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழைய ஹெட்டையும் புதிய ஹெட்டையும் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மூடி, குழிகளில் எண்ணெய் ஊற்றினார். பழையது குடித்துக்கொண்டே இருந்தது. புதியது சீக்கிரமே நிரம்பி விளிம்பில் வழிந்தது. வழிந்த எண்ணெயைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். காது மடல்வரை சூடாகியது. சின்ன வயசில் அவளிடம் பறித்துத் தின்றதெல்லாம் ஒரு தப்பா? இதுதான் தப்பு.

சரி, அப்போதாவது போய்ச் சொன்னாரா? அதுதான் இல்லை! யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால், அந்த ஹெட்டையும் பிஸ்டன்களையும் பழைய இரும்புக்காரனின் வண்டியில் தானே தூக்கிப் போட்டார். லேத்துக்காரரிடம் மட்டும், "நீ சொன்னதுதான்யா" என்றார். லேத்துக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

இந்த முறை சாதுவான ஹெட்டை வாங்கினார். ஒவ்வொரு குழியையும் அளந்தார். ஒரு தடவை அளந்ததை நம்பாமல் மறுபடி அளந்தார். வேலை நடந்துகொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள் போல, பின்னால் இரைச்சல்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்த மேட்டுல எந்த கியர்ல போயிருக்கணும்? யோசிச்சுப் பாத்துட்டே இருக்கேன், எங்க தப்பு பண்ணேன்னு புரியவே மாட்டேங்குது."

அடப்பாவி மனுஷா, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? பட்டறையே அதிரப் பேசுகிறவர், குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது" என்றார்.

"சரிண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கக் கூசியது. இப்படி ஒரு அண்ணனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

வண்டி தயாரானதும் அவரே ஓட்டிக்கொண்டு போனார். வேண்டுமென்றே அந்த மேட்டில் ஏற்றி இறக்கினார். தட்டும் சத்தம் இல்லை. தங்கை, கணவன், பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சாவியைத் தங்கையிடம் நீட்டினார்.

"நீ எடும்மா. தப்பு உன்னோடது இல்ல. நான்தான் தப்பான ஹெட்டப் போட்டேன். அளக்காமப் போட்டேன். நீ நல்லாத்தான் ஓட்டின. நீ சத்தம்னு சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்."

வார்த்தைகள் முட்டி மோதி வந்தன. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான்.

"விடுங்க மச்சான். தங்கச்சி மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? நீங்க தப்பான சாமான் போடுற ஆளா?"

"இல்ல மாப்பிள்ளை, நெஜமாத்தான்! பிஸ்டனைப் பாத்தீங்கன்னா..."

"எங்க, காட்டுங்க பாப்போம்."

பிஸ்டன்கள்தான் பழைய இரும்புக்காரனோடு போய்விட்டனவே!

"லேத்துக்காரரைக் கேளுங்க, அவர் சொல்வாரு."

"அவரு உங்க சிநேகிதர். நீங்க என்ன சொல்லச் சொன்னாலும் சொல்வாரு" என்று தோளில் தட்டினான் மாப்பிள்ளை.

டர்போ தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவளாவது நம்புவாள். சத்தம் கேட்டது அவள் காதுக்குத்தானே! அவளும் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை. பாசம்தான் இருந்தது. அதை எதிர்கொள்ள முடியாமல் அவர் குறுகிப் போனார்.

"எனக்காக நீ பொய் சொல்ல வேணாம்ண்ணா. எனக்கு ஓட்ட வரல, அவ்வளவுதான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவர் கையிலிருந்து சாவியை வாங்கிக் கணவனிடம் கொடுத்தாள். காரின் பின் கதவைத் திறந்து, ஒரு சுற்றுப் போகும் ஆசையில் அதற்குள் ஏறியிருந்த பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.