நான்காவது ஜாடி

எழுபதுகளின் நடுவில் நான் அடையாற்றில் கடல்நீர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கடலில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் நுண்பாசிகள் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. தண்ணீருக்காகக் கொட்டிவாக்கத்து மீனவர் ஒருவரின் கட்டுமரத்தில் போவேன். முதல் நாளே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, தண்ணி கரையிலேயே கீது. அத்த மோந்துக்கினு போவ இம்மாந்தூரம் வரணுமா?"

"கரைத் தண்ணியில ஊர் அழுக்கெல்லாம் கலந்திருக்கும் அண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரு ஆடி மாதம் ஆய்வுக்கூட மொட்டைமாடியில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல், அங்கே வைக்க வேண்டிய, கடல்நீர் நிரப்பிய நான்கு பெரிய கண்ணாடி ஜாடிகளையும் மயிலாப்பூர் வீட்டு மாடிக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆடி அமாவாசையன்று காலை நான்கிலும் தழைச்சத்து உள்ள நைட்ரேட் உப்பை ஒரே அளவு கலந்து, வெயிலில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தேன். பாசி அதை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று பார்க்க வேண்டும்.

கீழே அப்பா படுத்திருந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்து நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த மனிதர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்தவர். எந்த ஊரில் இருந்தாலும் ஆடி அமாவாசைக்குக் கடலில் முங்காமல் இருந்ததில்லை. "ஒரு முங்கு... ஒரே முங்கு" என்று ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இருக்கிறது, அலை பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அமாவாசைக்கு மறுநாள் நான்கு ஜாடியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்தேன். மூன்றில் நைட்ரேட் குறைந்திருந்தது. நான்காவதில் வைத்தது வைத்தபடி இருந்தது. பாசி செத்துவிட்டதோ என்று பயந்து, அழுகினால் வரும் அம்மோனியாவுக்குச் சோதித்தேன். மற்ற மூன்றும் வெளிறிக் கிடக்க, அது மட்டும் கருநீலமாக மாறியது. அடக் கடவுளே! எங்கிருந்தோ அம்மோனியா கலந்திருக்கிறது. பாசிக்கு நைட்ரேட் என்றால் அரிசி களைந்து உலை வைக்கிற வேலை. அம்மோனியா வடித்த சோறு. சோறு இருக்கும்போது எது உலை வைக்கும்?

வீட்டுக்கு வந்து கத்தினேன். "யாரு என் ஜாடியில கை வச்சது?"

அம்மா அடுக்களையிலிருந்து நிதானமாக வந்தாள். "ஏன்ட்டி இப்படிக் கத்துத? நான்தான் வச்சேன். நேத்து அப்பாவைப் பெரிய அண்டாவுல உக்கார வச்சு, வெயில்ல வெதுவெதுன்னு இருந்த அந்தக் கடல்தண்ணியைத் தலைக்கு ஊத்துனேன். தீர்த்தம் கால்ல மிதிபடக்கூடாதுல்லா? அண்டாவுல விழுந்ததை வடிகட்டித் திரும்பவும் ஜாடியில ஊத்திட்டேன். உன் படிப்பு கெட்டுறக்கூடாதுன்னு ஒரு சொட்டு சிந்தலை."

அப்பாவின் வேர்வை, காய்ச்சல், ஒரு மாதப் படுக்கை எல்லாம் அந்த ஜாடிக்குள். பாழாய்ப் போன கோபம் அப்போதும் எனக்கு இறங்கவில்லை. அப்பா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"உப்பு... கரிச்சுது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். சிதையில் தழைச்சத்து தங்காது, புகையோடு போய்விடும். சாம்பலில் சுண்ணாம்பும் மற்றதும்தான் மிஞ்சும். அதைச் சித்தப்பா மகன் கடலில் கரைத்துவிட்டு வந்தான்.

மற்ற மூன்று ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நான்காவதைக் கொட்ட மட்டும் கை வரவில்லை. மாடியிலேயே இருந்தது. நாளுக்கு நாள் பச்சை ஏறியது. அப்பாவின் உடம்பில் இருந்து வந்ததைத் தின்றுதான் பாசி வளர்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஜாடியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, "அதைக் கடல்ல விட்டுரலாம்" என்றாள். கணவனை இழந்தவள் அதற்குள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். போங்கள் எல்லோரும் என்று டாக்சி பிடித்து அவளைக் கொட்டிவாக்கத்துக்குக் கூட்டிப்போனேன். கரையில் அந்த மீனவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று நான் ஜாடியைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னாம்மா, எட்த்துக்கினு போன தண்ணிய திருப்பி ஊத்துற? வேலைக்கு ஆவலையா?"

அம்மாதான் பதில் சொன்னாள்.

"மெதுவா ஊத்தச் சொல்லுங்க தம்பி. அதுல அவுக இருக்காக."