ஹஸ்தியாவின் ஒப்பாரி

என் அம்மா ஹஸ்தியா, கல்யாணமான புதிதில், சாவு வீடுகளில் ஒப்பாரி வைத்துப் பிழைத்தவள். எங்கள் மலையூர் பெரூசியாவில் அவள் குரல் இல்லாமல் எந்தப் பெரிய வீட்டுப் பிணமும் சிதை ஏறாது என்பார்கள். அது நான் பிறப்பதற்கு முந்தைய கதை. எனக்குத் தெரிந்த அம்மா யார் சாவுக்கும் வாய் திறக்காதவள். பக்கத்து வீட்டில் பிணம் கிடந்தால்கூட, குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவாள்.

அவளுடைய முதல் புருஷன் அவுலே கூரை ஓடு சுடுகிறவர். அவர்களுக்கு ராம்தா என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியிருந்தாள். அந்த இலையுதிர் காலத்தில்தான் எங்கள் மலைமேல் சண்டை ஏறி வந்தது.

சண்டை எங்களுடையதல்ல. ரோமில் கொலையுண்ட சீசருக்கு ஒரு தத்துப்பிள்ளை. இருபத்திரண்டு வயது, அவரையும் சீசர் என்றே அழைத்தார்கள். பின்னாளில் உலகம் முழுவதும் அகஸ்டஸ் என்று கும்பிட்டது அவரைத்தான். தன் படைவீரர்களுக்குக் கொடுக்க அவர் இத்தாலி முழுக்க ஊர் ஊராக நிலத்தைப் பறித்தார். அதை எதிர்த்துக் கிளம்பிய, அவரோடு ஆட்சியைப் பங்கிட்டிருந்த தளபதி அந்தோனியின் தம்பி தோற்று ஓடிவந்து, தன் படையோடு எங்கள் ஊருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். சீசர் மலையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி மதில் எழுப்பினார். உள்ளே இருந்தவர்கள் உள்ளேயே கிடந்தோம் என்று அம்மா சொல்வாள்.

குளிர் ஏற ஏறத் தானியம் தீர்ந்தது. இரண்டு பக்கமும் கவணில் ஈயக்குண்டு எறிந்தார்கள். குண்டுகளின்மேல் எதிராளியின் தலைவனைப் பற்றிக் காது கூசும் கெட்ட வார்த்தைகளைப் பொறித்திருந்தார்கள். முதலில் அடிமைகளுக்குச் சோறு நின்றது. அவர்கள் புல்லையும் இலையையும் தின்று தெருவில் விழுந்தார்கள். அப்புறம் எல்லோரும். உள்ளே எத்தனை பேர் சாகிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாதென்று உத்தரவு வந்தது. சிதை மூட்டக் கூடாது, சத்தம் போட்டு அழக் கூடாது. நீளக் குழி வெட்டி வரிசையாகப் போட்டு மூடினார்கள்.

ராம்தா ஒரு காலையில் கண் திறக்கவில்லை. குழியின் ஓரத்தில் அம்மா வாயைத் திறந்தாள். அவுலே பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினார்.

"வேண்டாம் ஹஸ்தியா. வெளிய கேட்டுரும்."

"கேக்கட்டுமே. என் பிள்ளை செத்தது அவனுங்களுக்கும் தெரியட்டும்."

"நம்மாளே நம்மள வெட்டுவான். எனக்காக, கொஞ்சம் அடக்கிக்க."

அந்தக் கையைக் கடித்துக்கொண்டே அம்மா நின்றாளாம். சில நாளில் மதிலை உடைத்து வெளியேறப் பார்த்த கூட்டத்தோடு அவுலேயும் போனார். திரும்பவில்லை.

பசி தாங்காமல் ஊர் சரணடைந்தது. அந்தோனியின் தம்பியை மன்னித்து அனுப்பினார்கள். எங்கள் ஊர்ச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கொன்றார்கள். அன்றே ஊரும் எரிந்தது. எங்கள் ஊர்க்காரன் ஒருவன் தன் வீட்டுக்குத் தானே வைத்த தீ, காற்றில் பரவிவிட்டது என்கிறார்கள். நெருப்புத் தெய்வம் வல்கனின் கோயில் மட்டும் எரியாமல் நின்றது. அம்மா அதன் படியில்தான் அந்த வசந்தத்தைக் கழித்தாள்.

மலைக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் சீசரின் வீரர்களுக்குப் போனது. அப்படி ஒரு துண்டு நிலம் பெற்றவர்தான் என் அப்பா குளூவியஸ். தெற்கே மலைநாட்டில் சொந்தமாக ஒரு காணி இல்லாத குடும்பத்தில் பிறந்து, நிலம் கிடைக்கும் என்று ஈட்டி தூக்கியவர். அவர் தோப்பில் ஒலிவப் பழம் பறிக்க அம்மா கூலிக்குப் போனாள். ஒருநாள் வேருக்கடியில் ஓர் ஈயக்குண்டு கிடைத்தது. அதை அவர் முன்னால் வைத்தாள்.

"இது உன்னோடதா?"

அவர் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இருக்கலாம். நான் வடக்கு வாசலுக்கு எதிர்ல நின்னேன். கவண் எறிஞ்சேன்."

"யார் மேல?"

"மதில் மேல. அதுக்குப் பின்னால யாருன்னு நான் பாக்கலை."

"நான் இருந்தேன்."

அம்மா கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். மறுவருஷம்தான் திரும்பினாள். வயிறுதான் இழுத்து வந்தது என்று என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். "பொய் சொல்லியிருக்கலாம், சொல்லலை. அதுக்காகவும்தான்," என்றும் சொன்னாள். அவர் கல்யாணத்துக்குக் கேட்டபோது ஒரே நிபந்தனையோடு சம்மதித்தாள். ரோமர் வழக்கப்படி சாப்பாட்டு நேரத்தில் அவர் சீசரை வாழ்த்தித் தரையில் மது ஊற்றட்டும். அவளை ஊற்றச் சொல்லக் கூடாது. அப்பா சாகும்வரை அதை மீறவில்லை. அவர் தரையில் மது ஊற்றும்போது அம்மா அவரைப் பார்த்து, "எறும்புக்கு நல்ல விருந்து," என்பாள். அவரும் சிரித்துவிடுவார்.

நான் பிறந்தது அமைதிக் காலத்தில். அகஸ்டஸ் அனுமதி கொடுத்து ஊரை மறுபடி கட்டினார்கள். வாசலில் அவர் பெயரைச் செதுக்கினார்கள். சாலையில் பயமில்லாமல் போய்வந்தோம். என் தம்பிகளை எந்தப் போருக்கும் யாரும் இழுத்துப் போகவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். ஒருமுறை துணிந்து கேட்டேன்.

"அவர் வந்த பிறகுதானேம்மா சண்டையே நின்னுது?"

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை. "நெருப்பு வச்சவனே வந்து தண்ணி ஊத்தினாலும் தண்ணி தண்ணிதான். நானும் குடிச்சேன், இல்லேங்கலை. நன்றி மட்டும் சொல்லச் சொல்லாதே."

அப்பா செத்தபோதும் அவள் ஒப்பாரி வைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இத்தனை வருஷம் உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்தாரே, அவருக்காவது அழக்கூடாதா?" என்று கத்தினேன்.

"அவருக்கு முன்னால நிறையப் பேர் நிக்கிறாங்கடி," என்றாள் அம்மா. "வரிசையைத் தாண்டி எப்படிக் கூப்பிடுவேன்?"

அகஸ்டஸ் செத்துப்போன செய்தி கோடைக் கடைசியில் வந்தது. இத்தாலியெங்கும் பெண்கள் துக்கம் காக்க வேண்டும் என்றார்கள். ஊர் அதிகாரி அங்காரியஸ் மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார். லத்தீன் வருமுன் எங்கள் ஊர் பேசிய பழைய மொழியில் முறையாக ஒப்பாரி தெரிந்தவள் ஊரில் அம்மா ஒருத்திதான். எழுபதைத் தாண்டியிருந்தாள்.

"நீங்கதாம்மா முன்னால நின்னு ஆரம்பிக்கணும். ஊர் மானம் இருக்கு."

கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சத்தமா அழலாமா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க! எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு."

"தடுக்க மாட்டீங்களே?"

"தடுக்கிறவனைத்தான் தண்டிப்பாங்க."

சந்தைத் திடலில் அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்றாள். முதலில் குரல் வரவில்லை, கரகரத்து உடைந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒன்று எழுந்தது. எனக்கு அந்த மொழி பாதிதான் புரியும். ஆனால் பெயர்கள் புரிந்தன. ராம்தா என்றாள். அவுலே என்றாள். குழியில் வரிசையாகப் போட்டவர்களை வீடு வீடாக, தெருத் தெருவாக அழைத்தாள். தெருவில் விழுந்த அடிமைகளையும் விடவில்லை. கூட்டத்தில் இருந்த கிழவிகள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஒருத்தி தன் அண்ணன் பெயரைச் சேர்த்தாள். இன்னொருத்தி தாயின் பெயரை. திடல் முழுக்க மார்பில் அடிக்கும் சத்தம் எழுந்தது. வரிசையின் கடைசியில் என் அப்பாவின் பெயர் வந்தது. நானும் மார்பில் அடித்துக்கொண்டேன். அதற்கும் பிறகு, மூச்சு எடுத்து, சீசர் என்று ஒரு முறை சொன்னாள். அதையும் அழுதுதான் சொன்னாள்.

அங்காரியஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்குப் பழைய மொழி ஒரு சொல்லும் தெரியாது. "எந்த ஊர்லயும் அவருக்காக இப்படி அழுதிருக்க மாட்டாங்க. ரோமுக்குச் சொல்லி அனுப்பணும்," என்றார். நான் தலையாட்டினேன்.

வீடு திரும்பும் வழியில் அம்மாவிடம் கேட்டேன். "அவரை எதுக்கும்மா சேத்தே?"

"செத்துட்டானே. செத்தவனை விட்டுட்டு அழறது எங்க தொழில்ல கிடையாது," என்றாள். பசிக்கிறது என்றாள். வீட்டில் இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள்.

அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் போனாள். குயவர் வீட்டுக் குழந்தைக்கும் அழுதாள்; ஊரே வெறுத்த கழுதைத் தரகனுக்கும் அழுதாள். தடியை ஊன்றிக்கொண்டு மலை இறங்குவாள், என் மகன்கள் முதுகில் ஏறித் திரும்பி வருவாள். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. மூன்றாவது குளிர் வருமுன் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அழப் பழைய மொழியில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த லத்தீனில் அழுதேன்.

சாம்பல் வைக்கும் கல்பேழையில் 'குளூவியஸின் மனைவி ஹஸ்தியா' என்று செதுக்கிக்கொண்டிருந்தான் கல்தச்சன். அவுலேயின் பெயரையும் ராம்தாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

"எடம் இல்லைம்மா. ஒரு பொம்பளைக்கு ரெண்டு புருஷன் பேரு எவனும் போட மாட்டான்."

"எழுத்தைச் சின்னதாக்கு," என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே உளியை எடுத்தான்.