போட்டோக்காரர் கேட்ட கேள்வி

என் கல்யாணத்துக்கு யார் போட்டோ எடுப்பது என்று நெய்வேலியில் எங்கள் வூட்டில் பேசினோம். இருந்தது மைன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்த நான், அம்மா, தாய்மாமா, ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வம் அண்ணன்.

“கடலூர் போட்டோக்காரன் ட்ரோன் வுடுவான். உன்கிட்ட இருக்கா?” என்றார் மாமா.

“இல்லீங்க. மேடையில அம்மா எந்தப் பக்கம் நிப்பாங்க?” என்று கேட்டார் செல்வம் அண்ணன்.

அப்பா தவறியதிலிருந்து அம்மா எந்தக் கல்யாணத்திலும் முன்னால் வந்ததில்லை. “நல்ல காரியத்துல நான் எதுக்குப்பா? பின்னாடி உக்காந்துகினு இருக்கேன்” என்றது. மாமாவும் தலையாட்டினார்.

“அப்ப நானும் பின்னாடியே வந்து எடுக்கறேம்மா. மாப்ளைய வேற யாராவது எடுக்கட்டும்.”

மாமா சிரித்தார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டது. மகனான எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

“செல்வண்ணனே எடுக்கட்டும் மாமா” என்றேன்.

தாலி கட்டும்போது அம்மாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆல்பத்தில் அம்மா இருக்கும் படங்கள் முப்பத்தொன்று.