குசினி யாருக்குச் சொந்தம்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து சட்டம் படிக்கப் போகும் முதல் பிள்ளை ஜெயந்தினி. கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக இரண்டு கல்லூரிகள் அவளை உதவித்தொகையோடு கூப்பிட்டிருந்தன. எதில் சேர்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள், நேரில் பார்த்தே முடிவு செய்வோம் என்று அப்பா வீரய்யாவைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டாள்.

கொழும்பில் உபசாரத்துக்குக் குறைவில்லை. கேக் கொடுத்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கிறாள் என்றார்கள். கடைசியில், விளம்பரப் படத்துக்காக அடுத்த முறை கொழுந்துக் கூடையோடு வர முடியுமா என்று கேட்டார்கள். சட்டம் படிக்க வந்தவளுக்குக் கூடை எதற்கு? ஆனாலும் பெயர்போன இடமாயிற்றே, வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கண்டிக் கல்லூரி பார்வைக்கு ஒன்றுமில்லை. அங்கே மாணவர்கள் பயிற்சிக்காக வாதாடும் மாதிரி வழக்கு ஒன்று தமிழில் நடந்துகொண்டிருந்தது. பார்க்க வந்தவர்களும் பேசலாம் என்றார்கள். தோட்ட நிர்வாகம் கொடுத்த லயத்து வீட்டை ஒட்டி, சமைப்பதற்காகத் தொழிலாளி தானாகக் கட்டிக்கொண்ட குசினி யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. கட்டியவனுக்குத்தான் என்று ஜெயந்தினி முந்திக்கொண்டு சொல்ல, ஷிப்னா என்ற மூத்த மாணவி அவளை லேசில் விடவில்லை. ஆதாரம் என்ன, எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று குடைந்தெடுத்தாள். ஜெயந்தினியும் விட்டுக்கொடுக்கவில்லை. இருவர் குரலும் ஏறியது.

வீரய்யா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். தோட்டத்து ஆபீசில் அப்படி நின்றே பழகியவர். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது யாராவது குரலை உயர்த்தினால், தப்பு யாருடையதானாலும் மன்னிப்புக் கேட்டுவிடுவார். மகள் ஏச்சு வாங்குகிறாள் என்று பதறி, உள்ளே வந்து கைகூப்பினார்.

"தெரியாம பேசிருச்சுங்க. புள்ளைய மன்னிச்சிருங்க."

ஜெயந்தினிக்கு உடம்பெல்லாம் கூசியது. ஷிப்னா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"யாரும் ஏசல்ல ஐயா. இங்க நாங்க படிக்கிறதே இப்பிடித்தான். நீங்க சொல்லுங்க, அந்தக் குசினி யாருக்கு?"

வீரய்யா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பினார்.

"மண்ணு தோட்டத்து மண்ணு. கேக்காம கட்டிட்டு நம்மளதுன்னா எப்படி? நீ சொல்றது தப்பு புள்ள."

ஷிப்னா கைதட்டினாள். ஜெயந்தினிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் வீட்டுக் குசினியை யாரையும் கேட்காமல் கட்டியவரே இவர்தான். ஆனால் கோபத்தைவிடச் சந்தோஷமே அதிகமாக இருந்தது. மேசை நாற்காலி போட்ட ஓர் அறையில் அப்பா உட்கார்ந்து மறுத்துப் பேசி அவள் பார்த்ததே இல்லை. இனிக் கொழும்பைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

"அப்ப நம்ம குசினிய இடிக்க வந்தா விட்டுருவீங்களாப்பா?"

"அதெப்படி விடுவேன்?" என்று வீரய்யா எழுந்தேவிட்டார்.