நடுத்துண்டு

சர்க்கரை கருகும் வாசனையில் அம்மா நினைவில் வந்து நின்றாள். உத்திரமேரூர் வீட்டில் தனியாக, முதல்முறையாக, கிறிஸ்துமஸ் கேக் செய்துகொண்டிருந்தேன்.

அம்மா தன் முதல் கேக்கை நெல் அவிக்கும் குண்டானில் ஆற்றுமணல் பரப்பிச் சுட்டாள். சோறு வெந்ததா என்று பார்ப்பதுபோல அடிக்கடி மூடியைத் திறந்தாள். சூடு இறங்கி, கேக் நடுவில் குழிந்துவிட்டது. அவள் முகம் சுருங்கியது. கழனியிலிருந்து வந்த நைனா எட்டிப் பார்த்தார்.

“குழி வுழுந்தா இன்னாமே? திராட்சை மொத்தமும் அங்கதான் கீது. நடுத்துண்ட எனக்குக் குடு.”

பிறகு ஒவ்வொரு வருஷமும் நடுத்துண்டு அவருக்குத்தான். இப்போது இருவரும் இல்லை.

என் கேக் நன்றாக உப்பிக்கொண்டிருந்தது. தெரிந்தேதான் மூடியைத் திறந்தேன். நடுவில் அமுங்கியது.

ஆறியதும் நடுத்துண்டை வெட்டித் தட்டில் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து ஓரத்துண்டைத் தின்றேன்.