லாத்தாவின் கண்

தர்கா கந்தூரி விழாவுக்கு வீட்டை வெள்ளையடிக்கலாம் என்று சட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். என் கணவர் துபாயில் இருந்தார். ஆள் வைத்துச் செய் என்றுதான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் எதையும் அடுத்தவர் கையில் விடும் புத்தி கிடையாதே. சரியாக வேகிறதா என்று குனிந்து பார்த்தேன். கொதித்துக்கொண்டிருந்த சுண்ணாம்பு அப்படியே முகத்தில் வெடித்தது.

அலறலைக் கேட்டு ஓடிவந்தவள் லாத்தா, என் அக்காள். அப்போது அவளுக்குக் கைப்பிள்ளை. கண்ணில் எது விழுந்தாலும் எங்கள் தெருவில் தாய்ப்பால்தான் முதல் மருந்து. நாலடி தூரத்தில் அடிபம்பு இருந்தது. அவளோ என் தலையை மடியில் போட்டு இரண்டு கண்ணிலும் பாலைப் பீய்ச்சினாள். "ஒண்ணும் ஆவாதுடி, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தஞ்சாவூர் கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் தண்ணி விட்டுக் கழுவுனீங்க?" என் தோளைப் பிடித்திருந்த லாத்தாவின் கை விலகியது.

அதன்பிறகு எல்லாம் வெள்ளை. கண்ணை மூடினால்தான் இருட்டு; திறந்தால் பால். அந்த வெள்ளைக்குள் யாரோ மூச்சுவிடுவது கேட்கும். "யாரு?" என்பேன். பதில் வராது. லாத்தாதான் மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. பயமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "பேய் மாதிரி பாத்துக்கிட்டே உக்காராதே, ஏதாவது பேசு!" என்று கத்துவேன்.

வலது கண் போனது போனதுதான் என்று சென்னையில் சொன்னார்கள். இடது கண்ணுக்கு ஒரு வழி இருந்தது. கருவிழியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் அதன் ஓரத்தில் உண்டாம். எனக்கு இரண்டு பக்கமும் அவை வெந்துவிட்டன. கூடப்பிறந்தவள் கண்ணோரத்தில் துளி எடுத்து, நாற்றுவிட்டு வளர்ப்பதுபோல் வளர்த்து, என் கண்ணில் வைக்கலாம். "ஆனா உங்க உடம்பு அதை வெளியாள்னு விரட்டப் பாக்கும். மாத்திரையை விடக்கூடாது" என்றார் டாக்டர். ஒரே பாயில் படுத்து உதைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். விரட்டாமல் என்ன செய்யும்!

ஷார்ஜாவில் இருந்த அவள் கணவர் போனில், "உன் கண்ணுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டார். "அவ கண்ணு போனது என்னாலதானே" என்றாள் லாத்தா. அடுத்த வாரமே போய்ப் படுத்துவிட்டாள்.

சில மாதங்களில் வெள்ளை கரைந்தது. முதலில் ஜன்னல் கம்பி தெரிந்தது, பிறகு லாத்தாவின் முகம். அவள் இடது கண்ணோரம் லேசாகச் சிவந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் என் கண்ணிலும் அதே இடத்தில் அதே சிவப்பு. என் முகத்துக்குள் இருந்து யாரோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பல நாள் அந்தக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பியே வைத்திருந்தேன்.

பிறகு அவளும் ஷார்ஜா போய்விட்டாள். ஒரு மத்தியானம் என் இடது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, நீராகக் கொட்டியது. சாயங்காலம் அவள் போன் செய்தாள். "இங்க ஒரே மணல்காத்துடி. கண்ணைத் திறக்க முடியல." எந்தக் கண் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சென்ற வருடம் ஒரு காலையில் சேதி வந்தது. மாரடைப்பு. அங்கேயே அடக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யார் போனாலும் கண்ணை மூடுவது சொந்தக்காரர் கைதான். உம்மாவுக்கு லாத்தாவும் நானும் மூடினோம். "லாத்தா கண்ணை யாரு மூடுனாங்க?" என்று அவள் கணவரைக் கேட்டேன். "நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. தெரியலம்மா" என்று அழுதார்.

போனை வைத்தேன். உம்மாவுக்குச் செய்ததுபோல உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து, என் இடது இமையை மேலிருந்து கீழே தடவி மூடினேன். "உன்மேல எனக்கு வருத்தமே இல்ல லாத்தா." அவள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் நான் இதைச் சொன்னதில்லை.

கையை எடுத்தேன். இமை திறந்துகொண்டது. மறுபடியும் மூடினேன். மறுபடியும் திறந்துகொண்டது.

"சரி, பாத்துக்கிட்டே இரு" என்றேன்.