திராட்சை இலையில் ஒற்றைத் துளை

தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்ட வருசம் அது. காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் திராட்சைப் பந்தல்தான். பழம் வெட்டச் சில நாளே இருந்தபோது, இலைகளில் துளை விழுந்திருப்பதை என் வீட்டுக்காரர் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் செடிக்கு என்ன வந்தாலும் இலையைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டு மருந்துக்கடைக்குப் போவார்கள். கடைக்காரர் இலையைப் பார்த்து மருந்து கொடுப்பார். பூச்சியை யாரும் கொண்டுபோவதில்லை. இவரும் அப்படியே போய், புழுதான் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, ஒரு மருந்துப் பாட்டிலோடு வந்தார்.

பழுத்த கொத்தின் மேல் மாவு பூத்தது போல் ஒரு வெளுப்பு இருக்கும். மருந்துத் தண்ணீர் பட்டால் அது கலைந்து புள்ளி விழும். அப்புறம் வியாபாரி தொடமாட்டார். அந்த வருசம் எங்களுக்கு அந்தப் பழத்தை விட்டால் வேறு வருமானமில்லை.

"நாளைக்குக் காலையில அடிச்சிருவோம்."

"புழுவப் பாத்தீகளா?"

"கடைக்காரக சொல்லிட்டாக. அவுகளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போகுது?"

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள்தான். கண்ணில் குறை கிடையாது. புழு தின்றால் கீழே எச்சம் கிடக்கும். இங்கே அது இல்லை. துளையும் இலைக்கு ஒன்றுதான், நடுவில், முட்டை வடிவில்.

விளக்கு வைக்கும் நேரம் பந்தலில் சத்தம் கேட்டது. சுவர்க்கோழிச் சத்தம் மாதிரி, ஆனால் மெல்லிசாக, விடாமல். அடியில் போய் அசையாமல் நின்றேன். ஒரு பூச்சி துளைக்குள் தலையை விட்டு, கண்ணாடி போன்ற சிறகுகளை இலையோடு ஒட்டி விரித்து நடுக்கிக்கொண்டிருந்தது. வெளிர்பச்சை நிறம். உடம்பைவிட மீசை நீளம். கறுத்த சுவர்க்கோழியை ஊறவைத்து வெளுத்தது போல இருந்தது. துளையை விட்டு அது நகர்ந்தபோது சத்தமும் சிறுத்துப்போனது. சத்தத்தைக் கூட்டிக் கேட்க வைக்கத்தான் அது இலையில் அந்தத் துளையைப் போட்டிருக்கிறது.

"இங்கன வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன்.

பார்த்தார். "கச்சேரியா? பாடுனா திங்காதுன்னு யாரு சொன்னா?"

காலையில் அதை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கம்பத்து மருந்துக்கடைக்குப் பஸ் ஏறினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

கடைக்காரர் சிரித்தார். "என்ன ஆத்தா, பூச்சியவே தூக்கிட்டு வந்துட்டீக?"

"நேத்து இலை வந்துச்சு. இன்னைக்கு ஆளே வந்திருக்கு."

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவர்க்கோழிச் சாதிதான் ஆத்தா. செடியில இருக்குறது. பழத்த ஒண்ணும் செய்யாது. தனிப்பேரு இருக்கும், எனக்குத் தெரியல."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

பூச்சியைப் பந்தலிலேயே கொண்டுபோய் விட்டேன். மருந்துப் பாட்டில் மூடி திறக்காமல் மோட்டார் அறையில் கிடந்தது.

பழம் வெட்டிய அன்று வியாபாரி ஒரு கொத்தைக் காம்பில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். வெளுப்பு கலையாமல் இருந்தது. பெட்டியில் வைத்து அடுத்த கொத்துக்குக் கை நீட்டினார். இலைப்பக்கம் அவர் பார்க்கவே இல்லை.